கீழ்க் கட்டிலின் குளிர்

“டேப்பு,” என்றார் முருகப்பன்.

கல்யாணசுந்தரி அலுமினிய டேப்பில் ஒரு சாண் கிழித்து மேலே நீட்டினாள். அவர் வீட்டு ஓரத்தில் நின்ற கேம்பிங் டிரெய்லருக்குள் முக்காலி மேல் நின்று, கூரையை ஒட்டி ஓடிய குழாயின் மூட்டில் அதைச் சுற்றி, கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினார். வாசலில் வேலைக் கூட்டாளி சீனி வேனை உறுமவிட்டுக் காத்துக்கொண்டிருந்தான். காலை எட்டரை மணி; கடையில் அன்றைய வேலையைப் பிரித்துக்கொண்டு மூவரும் வழியில் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இன்னும் ஒரு மூட்டு பாக்கி என்று அவர் இறங்க மனமில்லாமல் நின்றார்.

“போன தடவ கால் எப்படி இருந்துச்சு? சூடு வந்துச்சா?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“நல்லாத்தான்னா என்னா அர்த்தம்? சும்மா வாய்க்கு சொல்லாத சுந்தரி.”

“சூடா இருந்துச்சுங்க. போதுமா?”

“அதானே. இந்த மூட்டுல கொஞ்சம் ஒழுகுது. இத அடைச்சுட்டா இன்னும் ரெண்டு டிகிரி ஏறும் பாரு.”

விரலில் ஒட்டிய பிசினைக் கால்சட்டையில் துடைத்தார். துணியில் துடைக்கச் சொல்லி அவள் எத்தனையோ வருடமாகச் சொல்லி வந்தாள். அன்றும் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே போய் வேனில் ஏறினார்.

பதினோரு மணிக்கு, பெர்ச்சாமில் ஒரு கடைவீட்டு மாடியில் ஏர்கானைக் கழற்றிக்கொண்டிருந்தவர், “சீனி, ஒரு நிமிசம் உக்காந்துக்கிறேன்” என்று மாடிப்படியில் உட்கார்ந்தார். அப்புறம் எழவில்லை. அவருக்கு அறுபத்திரண்டு வயது.

ஆக, முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனுசனிடம் கல்யாணசுந்தரி கடைசியாகச் சொன்ன செய்தி ஒரு பொய். அவள் கால் சூடாக இருக்கவில்லை. அந்த டிரெய்லரில் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

முருகப்பனின் பாட்டனார் ஈப்போவில் வட்டிக்கடை வைத்திருந்தவர். பேரன் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஏர்கான் மாட்டக் கிளம்பியபோது சொந்தபந்தம் எல்லாம் மூக்கில் விரல் வைத்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லாஹாட் சாலையில் ஒரு கடை பிடித்தார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சீனி முதலில் வேலைக்கு வந்து, பிறகு கூட்டாளியானான். கல்யாணசுந்தரி போன் எடுத்தாள். ரூம் குளிரவில்லை, தண்ணீர் சொட்டுகிறது, ராத்திரியெல்லாம் மெஷின் கத்துகிறது என்று ஊரார் சொல்வதையெல்லாம் இருபத்தாறு வருடம் சீட்டில் எழுதி வைத்தாள். தினமும் ஏழரை மணிக்கு அவள் மேசைக்கு முன்னால் ஆண்கள் இருவரும் வந்து நிற்பார்கள். அதைச் சீனி ‘பெரட்டு’ என்பான். தோட்டத்தில் காலையில் ஆள் எடுத்து வேலை பிரித்துக் கொடுப்பதற்கு அதுதான் பெயர். கடையில் இரண்டே சட்டம். சீட்டு இல்லாமல் யாரும் கிளம்பக்கூடாது. கையில் வாங்கிய சீட்டை முடியாது என்று திருப்பித் தரக்கூடாது.

டிரெய்லர் யோசனை முருகப்பனுடையது.

“ஊருக்கெல்லாம் குளிர் குடுத்தாச்சு. நமக்குன்னு கொஞ்சம் குளிர் வேணாமா? கரண்ட் பில்லு இல்லாத குளிர்,” என்றார்.

கோப்பெங்கில் ஒருவர் பாதியில் விட்டிருந்த கேம்பிங் டிரெய்லரை வெறும் கூடாக இழுத்து வந்து, இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குள் கொட்டினார். ஒரு சின்ன அடுப்பு மேடை, மடக்கு மேசை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டில். அவளுக்கு முழங்கால் வலி, ஏணி ஏற முடியாது. அதனால் கீழ்க் கட்டில் அவளுக்கு, மேல் கட்டில் அவருக்கு. சிம்பாங் பூலாய் மலைப்பாதையில் ஏறி, கம்போங் ராஜாவில் சிநேகிதர் தர்மாவின் காய்கறித் தோட்டத்து ஓரத்தில் கொண்டு நிறுத்தினார்கள். இரவு பதினாறு டிகிரிக்கு இறங்கியது. உலகத்தில் மற்றவர்களுக்கு அது ஒரு குளிரே இல்லை. ஈப்போக்காரிக்கு அது போதும். ஒன்பது மணிக்கெல்லாம் அவள் பாதம் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி ஆகிவிட்டது.

அதை முருகப்பன் தொட்டுப் பார்த்தார். மறுவாரம் ஒரு சின்ன டீசல் ஹீட்டர் வந்து இறங்கியது. புகை வெளியே போகத் தனிக் குழாய், சூட்டுக் காற்று உள்ளே வரத் தனிக் குழாய் என்று அவரும் சீனியும் ஒரு மாதம் உட்கார்ந்து மாட்டினார்கள். நான்கு காற்று வாய், நான்குக்கும் வெள்ளைச் சல்லடை. ஹோட்டல் வேலை மாதிரி அவ்வளவு நேர்த்தி.

அதற்குப் பிறகு நான்கு தடவை போனார்கள். விளக்கை அணைத்த பிறகு மேல் கட்டிலிலிருந்து அவர் பேச்சு இறங்கி வரும். கடையில் இருக்கும்போது நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், அங்கே படுத்ததும் பள்ளிக்கூடக் கதை, பினாங்கில் ஏர்கான் படித்த கதை, அவளைப் பெண் பார்க்க வந்தபோது செருப்பை மாற்றிப் போட்டுப் போன கதை என்று அடுக்குவார். கல்யாணசுந்தரிக்கு அந்த டிரெய்லரே அந்தப் பேச்சுக்காகத்தான். பேச்சு இறங்கியது, சூடு இறங்கவில்லை. அவர் உறங்கியதும் அவள் தலையணை உறைக்குள்ளிருந்து இரண்டு ஜோடி காலுறையை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொள்வாள். விடியும்போது கம்பளிக்குள்ளேயே கழற்றி ஒளித்துவிடுவாள். அவர் வியர்வையில் நனைந்த பனியனோடு ஏணியில் இறங்குவார்.

“சஹாரா லா சுந்தரி. பாலைவனம். நடுராத்திரி நான் ஹீட்டரக் கொறச்சு வச்சேன், தெரியுமா?”

“தெரியும்,” என்பாள். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா.

ஏன் சொல்லவில்லை என்றால், புகார் என்று ஒன்று வந்தால் அந்த முகம் எப்படிச் சுருங்கும் என்று இருபத்தாறு வருடம் பார்த்தவள் அவள். ஊரார் புகாரை எல்லாம் எழுதியவளுக்கு இந்த ஒன்றை எழுத மனம் வரவில்லை. அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தாள்.

அக்டோபர் மாதம், அவர் போய் இரண்டு மாதம் கழித்து, தனியாகப் போய்ப் படுத்துப் பார்த்தாள். டிரெய்லரை இழுத்துப் போனது சீனி. அவனும் அவன் மனைவி நவமணியும் தர்மாவின் வீட்டில் தங்கினார்கள். கல்யாணசுந்தரி மூன்று மணிக்கு நடுங்கிக்கொண்டே எழுந்து, சீனியின் காடிக்குள் போய் முன்சீட்டில் உட்கார்ந்து, என்ஜினைப் போட்டு விடியும்வரை கால் காயவைத்தாள். நவமணி அதைப் பார்த்துவிட்டாள். நவமணி பார்த்தால் அடுத்த நாளே கோலாலம்பூருக்குத் தெரியும்.

அங்கிருந்து மகன் அருண்பிரகாஷ் போனில் கூப்பிட்டான்.

“ம்மா, அத வித்துடலாம்மா. கமுந்திங்ல ரூபன்னு ஒருத்தர் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்காரு. உள்ள படுக்கவும் முடியல, வெளிய நிறுத்துனா துருப்பிடிக்குது. அப்பா இருந்தா வேற. நீங்க ஒரு ஆளு மலையில போயி குளிர்ல வெறைச்சுப் போயிட்டீங்கன்னா நான் என்னா பண்றது?”

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

“ஒரே ஒரு தடவ இன்னும் போயிப் பாக்கிறேன்டா. படுத்தா விடியிற வரைக்கும் எந்திரிக்காமத் தூங்கணும். தூங்கிட்டா அது இங்கதான் இருக்கும். தூங்கலன்னா பொங்கலுக்கு முன்னாடி ரூபன் வந்து இழுத்துக்கிட்டுப் போகட்டும்.”

“சத்தியமா?”

“ஒங்கப்பா சத்தியமா.”

சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். சீனி ஒரு கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“சீனி, அந்த ஹீட்டர் குழாயக் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும்பா.”

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “முடியாதுக்கா.”

“ஏன்?”

“அண்ணே கை வச்ச வேலையில நான் ஒரு ஸ்க்ரூ கழட்ட மாட்டேன். அவ்வளவுதான். சூடு பத்தலன்னா இன்னொரு ஹீட்டர் வாங்கி வைப்போம். பெருசா. அதுக்கும் மேலன்னா எலக்ட்ரிக் கம்பளி இருக்கு. வேலையில கொற இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. அவரோட கடைசி வேலை அது.”

“கொறன்னு நான் சொன்னேனா?”

“பிரிக்கணும்னா வேற என்னா?”

பெர்ச்சாமில் அந்தப் படியில் முருகப்பனின் தலையை மடியில் வைத்திருந்தவன் அவன். கல்யாணசுந்தரி வாதாடவில்லை. தன் மேசைக்குப் போனாள். இழுப்பறையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்தாள். பெயர் என்ற இடத்தில் கல்யாணசுந்தரி என்று எழுதினாள். முகவரி, வீட்டு விலாசம். இடம், டிரெய்லர், கீழ்க் கட்டில். புகார் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. ‘முதல் நாளிலிருந்தே கால் குளிர்கிறது. சொல்லவில்லை.’ கிழித்துக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்தாள்.

சீனி எண்ணெய்க் கையோடு அதைப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

“மொத நாள்லேர்ந்தா?”

“ஆமா.”

“அண்ணே கேக்கிறப்பல்லாம் சூடா இருக்குன்னீங்களே. நான் பக்கத்துல நின்னு கேட்டேன்.”

“அவரு கேக்கிற மாதிரி கேட்டா நீ என்னா சொல்லியிருப்பே?”

சீனி சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். “சாயங்காலம் வாரேன்க்கா,” என்றான்.

ஈப்போ வெக்கையில் ஹீட்டரைப் போட்டு எதைச் சோதிப்பது? ஏர்கான்காரன் அதற்கும் வழி வைத்திருந்தான். மழை பெய்து ஓய்ந்த மாலையில் கடையிலிருந்து சக்கரம் வைத்த ஏர்கான் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். அதன் வாயை டிரெய்லர் ஜன்னலுக்குள் விட்டு, இரண்டு மணி நேரம் உள்ளே குளிர வைத்தான். பக்கத்து வீட்டுச் சீன அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “உள்ளே என்ன, மீன் வைக்கிறீர்களா?” என்று மலாயில் கேட்டார். கல்யாணசுந்தரி ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள். விளக்கப் போனால் விடிந்துவிடும்.

உள்ளே பதினெட்டு டிகிரிக்கு வந்ததும் ஏர்கானை வெளியே இழுத்து, ஒரு கயிற்றில் நான்கு தெர்மாமீட்டரைக் கட்டிக் கூரையிலிருந்து தரை வரை தொங்கவிட்டு, கதவைச் சாத்தி ஹீட்டரைப் போட்டான். முக்கால் மணி நேரம் இருவரும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்தார்கள். பிறகு சீனி ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் படித்தான், அவள் எழுதினாள்.

“கூரை, முப்பத்தி நாலு.”

“ம்.”

“மேல் கட்டில், முப்பது.”

“ம்.”

“கீழ்க் கட்டில்…” டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான். “இருபத்தி ஒண்ணு. தரை, பத்தொம்போது.”

வெகுநேரம் அவன் ஜன்னலை விட்டு நகரவில்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் கூரை ஓரமாக ஒவ்வொரு வெள்ளைச் சல்லடையாகப் போய் நின்று வந்தது. பிறகு திரும்பி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“அக்கா. இது ஏர்கான் வேலைக்கா.”

“அப்படின்னா?”

“நாம எங்க போனாலும் காத்து வாய மேல வைப்போம். குளிர்க் காத்து கனம், தானா கீழ எறங்கிடும். ரூம்பு பூரா குளிர்ந்துடும். இழுக்கிற வாயும் மேலதான். இத்தன வருசமா கை அப்படியே போயிப் பழகிருச்சு. இதுவும் மேலயே குடுத்து மேலயே இழுக்குது. சூடு எங்க எறங்கும்? எறங்காது. மேல இருக்கிற சூட்டையே திரும்பத் திரும்ப சூடாக்குது. மேல போதும்னு ஆனதும் ஹீட்டரு தானா தணிஞ்சிடுது.” நெற்றியில் அடித்துக்கொண்டான். “அண்ணே மட்டும் இல்லக்கா. நானும் சேந்துதானே மாட்டுனேன். ரெண்டு பேருக்கும் ஒரு நிமிசம் தோணல. அந்தச் சல்லடைய நேரா வைக்கிறதுக்கே அரை நாள் சண்ட போட்டோம்.”

கல்யாணசுந்தரிக்குப் பனியன் நனைந்து ஏணியில் இறங்கிய உருவம் கண்ணில் வந்தது. சஹாரா லா. அந்த மனுசன் பெண்டாட்டியின் காலுக்கென்று ஒரு மாதம் பாடுபட்டு, மொத்தச் சூட்டையும் தன் தலைமேல் கட்டிக்கொண்டு, நடுராத்திரி அது தாங்காமல் அவளுக்கும் சேர்த்துக் குறைத்து வைத்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. சீனி முதலில் பயந்துபோய்ப் பார்த்தான். பிறகு அவனும் ஆரம்பித்தான். இருவரும் கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். அவர் போனதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரே அன்னைக்கே பிரிச்சிருப்பாருக்கா,” என்றான் சீனி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனால் அது உண்மை. சிரிப்பு அடங்கிய இடத்தில் அது அப்படியே உட்கார்ந்துகொண்டது. முகம் சுருங்கியிருக்கும், ஒரு ராத்திரி. மறுநாள் முக்காலியில் ஏறி நின்றிருப்பார். அவர் சுருங்கிய முகத்தை ஒரு ராத்திரி பார்க்கப் பயந்து, அவருடைய கைவேலையில் எது தப்பு என்று தெரிந்துகொள்ளும் சந்தோஷத்தை அந்த வேலைக்காரனுக்குத் தராமல் விட்டுவிட்டாள்.

மறுவாரம் வேலை தொடங்கியது. சீனி சூட்டுக் குழாயைக் கூரையிலிருந்து இறக்கி, பஞ்சு உறை போட்டு, கீழ்க் கட்டிலுக்கு அடியில் தரையை ஒட்டி ஓடவிட்டான். காற்று வாய் இரண்டு, ஒன்று அவள் காலடிக்கு நேரே. ஹீட்டர் காற்றை இழுக்கும் வாயை எதிர்மூலையில் தரையோரம் வைத்தான். அங்கே தேங்கும் குளிரைத்தான் முதலில் அது இழுக்கவேண்டும். கட்டில் பலகையைக் கழற்றி, விரல் இடைவெளி விட்டுச் சட்டங்களாக அடித்தான், மெத்தைக்கு அடியிலும் சூடு படட்டும் என்று. தரையில் தடித்த ரப்பர் விரிப்பு. கூரை மூலையில் கம்ப்யூட்டர் விசிறி ஒன்றைப் பொருத்தி, மேலே சேரும் சூட்டை ஒரு குழாய் வழியாகக் கீழே தள்ளவைத்தான். கூரைத் திறப்பை மட்டும் இரண்டு விரல் அளவு திறந்தே வைத்தான்.

“குளிருதுன்னு இத மூடிடாதீங்க. மூச்சு விடணும்.”

பழைய நான்கு ஓட்டைகளையும் அலுமினியத் தகடு வைத்து அடைக்கவேண்டியிருந்தது. மூன்றை அடைத்துவிட்டு நான்காவதின் முன் நின்றான். அது மேல் கட்டிலின் தலைமாட்டில் இருந்தது.

“இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமாக்கா?”

“யாரு படுக்கப்போறா?”

கேட்டுவிட்டுத்தான் அவளுக்கே அது கேட்டது. சீனி தகட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.

“அடைச்சுடு,” என்றாள். “அங்க போற சூடு என் காலுக்கு வரணும்.”

அடைத்தான். டேப்பை அவள்தான் கிழித்துக் கொடுத்தாள்.

டிசம்பர் கடைசியில் மலையேறினார்கள். அந்த வாரம் கம்போங் ராஜாவில் ஓயாத தூறல், தர்மாவே இரண்டு சட்டை போட்டுக்கொண்டிருந்தார். போகும் முன் நவமணி கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

“குளிருச்சுன்னா போன் பண்ணுங்கக்கா. காடிச் சாவியத் தலைமாட்டுல வச்சிருக்கேன். சும்மா இழுத்துப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்காதீங்க.”

“ரூபன்கிட்ட எவ்வளவு கமிஷன் வாங்குன நீ?”

“போங்கக்கா,” என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திப் போனாள்.

கல்யாணசுந்தரி விளக்கை அணைத்தாள். காலுறை கொண்டுவரவில்லை. கொண்டுவந்தால் தூங்கியது கணக்கில் சேராது. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. ஹீட்டர் அடித்தொண்டையில் முனகியது, விசிறி மேலே சுற்றியது. பிறகு குதிகாலில் ஆரம்பித்தது, யாரோ உள்ளங்கையை வைத்த மாதிரி. கணுக்கால், அப்புறம் முழங்கால். மேல் கட்டிலிலிருந்து பேச்சு ஏதும் வரவில்லை. வராது என்று தெரிந்தும் காது மேலேயே இருந்தது. செருப்பை மாற்றிப் போட்ட கதையை அவளே தனக்குள் சொல்லிப் பார்த்தாள். வாசலில் அவர் மாமாவின் செருப்பில் கால் நுழைத்த இடம் வரைக்கும் போனது நினைவிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. முட்டைக்கோஸ் ஏற்ற வந்த லாரி பின்னால் வந்துகொண்டே பீப் பீப் என்று கத்தியது. மணி ஆறே முக்கால். தலைமாட்டில் சாவி வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் உடனே எழவில்லை. கம்பளிக்குள் கால்விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“அருணு. தூங்கிட்டேன்டா.”

மறுமுனையில் அவனும் அப்போதுதான் எழுந்திருந்தான். “உண்மையாவா? இல்ல அப்பாகிட்ட சொன்ன மாதிரி சொல்றீங்களா?” நவமணி அதையும் சொல்லியிருக்கிறாள்.

“உண்மையா,” என்றாள். “மூணு மணிக்குக்கூட முழிக்கல. ரூபன்கிட்ட இல்லன்னு சொல்லிடு.”

“சரிம்மா. பொங்கலுக்கு நான் வாரேன். எனக்கும் அங்க எடம் இருக்கா?” என்றான்.

“மேல இருக்கு. ஏணி ஏறணும்.”

சீனி தேநீரோடு வந்து, முதல் வேலையாகத் தெர்மாமீட்டர்களைப் பார்த்தான். வெளியே பதினைந்து. கீழ்க் கட்டில் இருபத்து மூன்று. மேல் கட்டில் இருபத்தைந்து. முகத்தைச் சுளித்தான். இன்னொரு விசிறி வைத்தால் இரண்டையும் சமமாக்கிவிடலாம், சூசா, சிரமம் எதுவுமில்லை, அரை நாள் வேலைதான் என்றான். அவள் வேண்டாம் என்றாள்.

அதற்குப் பிறகு பொங்கலுக்குப் போனார்கள், சித்திரையில் போனார்கள், போன மாதம்கூடப் போய்வந்தார்கள். மேல் கட்டில் இப்போதும் கீழ்க் கட்டிலைவிட இரண்டு டிகிரி சூடு.